நாலு பேரும் வந்தால்தான்

எல்லாரும் வரட்டும் என்று காத்திருக்கும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. பார்ப்பதற்குச் சாதுவாக இருப்பார்கள். இருபது வயதைத் தாண்டியதும் இந்தக் குணம் நன்றாக முற்றிவிடும். நம்முடைய ஆள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் கதாசிரியர்.

அவனுக்குப் பித்தெல்லாம் ஒரு விளையாட்டின் மேல். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரன், திருடி, மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், நான் அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா பல்லிளித்ததா என்பதைப் பகடை சொல்லும். இதற்கு என்ன பெரிதாக வேண்டும்? ஒரு மேசை, கொஞ்சம் பிஸ்கட், அப்புறம் ஒரே நேரத்தில் சும்மா இருக்கும் நாலு பேர்.

அந்த நாலு பேரை எங்கே போய்ப் பிடிப்பது? அவனுடைய அக்கா நர்ஸ், அவளுக்கு எப்போது டியூட்டி என்று அவளுக்கே முதல் நாள்தான் தெரியும். பேக்கரிக்காரன் விடியற்காலை மூன்று மணிக்கு எழுகிறவன், மாலை ஐந்துக்கு மேல் அவனோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. பல் டாக்டருக்குப் படிக்கிறவளுக்கு எப்போது பார்த்தாலும் பரீட்சை. கூரியர்காரன் "இதோ வந்துட்டேன்" என்று சொன்னால் இன்னும் கிளம்பவில்லை என்று அர்த்தம். பதினான்கு மாதமாக நம்மவன் நாள் குறிக்கிறான். ஏழு முறை மூன்று பேர் வந்தார்கள். ஏழு முறையும் திருப்பி அனுப்பினான். ஏனென்றால் அவன் எழுதிய கதையின் முதல் காட்சியிலேயே ஓர் இரும்புக் கேட், அதற்கு நாலு பூட்டு, ஆளுக்கொரு சாவி. யாரை நொந்துகொள்வது? எழுதினவன் அவன்தானே!

இப்போது அக்காவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பஸ். அவளோடு ஒரு முறையாவது விளையாடிவிட வேண்டும் என்று அவனுக்கு உயிர் துடித்தது. நாலு மணிக்கு மேசை போட்டான். மூன்று பேர் டாணென்று வந்தார்கள். கூரியர்காரன் வழக்கப்படி வந்துகொண்டே இருந்தான். ஆரம்பிடா என்று அக்கா மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். அவன் அசைந்தால்தானே! பிஸ்கட் தீர்ந்தது. பேக்கரிக்காரன் மேசைமேல் தலைவைத்துத் தூங்கிப்போனான்.

ஆறே காலுக்குக் கூரியர்காரன் வந்தான். கதாசிரியர் நோட்டைத் திறந்து, கேட்டின் துருவையும் தாழ்ப்பாளையும் வர்ணித்து வர்ணித்து ஒன்றரைப் பக்கம் வாசித்து நிமிர்ந்தபோது, அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்டை உடைச்சிட்டு உள்ள போக முடியாதாடா?"

அவன் பக்கங்களைப் புரட்டினான். "அப்படி நான் எழுதலையேக்கா."

"எழுதலைன்னா என்ன? பகடையக் குடு."

கொடுத்தானா? கையில் இறுக்கிக்கொண்டு, இரண்டு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன் என்றான். இரண்டு நிமிஷமும் யோசித்தான். அதற்குள் அவள் அவன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை அவன் ஜன்னலோரம் நின்று பார்த்தான். பின்னால் கூரியர்காரன் கேட்டை ஓங்கி உதைப்பதாகச் சொல்லி, வேறு பகடை எடுத்து உருட்டினான். விழித்துக்கொண்ட பேக்கரிக்காரன், கேட் உடைந்துவிட்டது என்று தீர்ப்பளித்தான். பல் டாக்டர் உள்ளே நுழைந்துவிட்டாள். சிரிப்பு வெடித்தது. ஒன்றரைப் பக்கத்தில் இல்லாத உயிர் அந்த ஒரே உதையில் வந்துவிட்டது.

நம்மவன் என்ன செய்தான்? அக்காவுக்குச் செய்தி அனுப்பினான்: அடுத்த லீவு எப்போது, அதுவரை கதையை நிறுத்தி வைக்கிறேன் என்று.

பஸ்ஸிலிருந்து பதில் வந்தது: "வேணாம்டா. என் திருடி கேட் விழுந்து செத்துட்டாள்னு வச்சுக்க. நீ போய் அவங்களோட உக்காரு."

அவன் எழுதினான்: "நீ செத்தா எப்படிக்கா? நாலு பேர் வேணுமே."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதை இப்போதே தனியாகப் படித்து முடிக்காமல், வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்காரும்போது வாசித்துக் காட்டலாம் என்று எடுத்துவைக்க நினைத்தீர்கள் பாருங்கள், உங்களைத்தான் சொல்கிறேன்.