நாலு பஞ்சு, ஒரு குத்து

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலை. ரத்தம் கொடுத்துவிட்டு வரணும்.

தானமெல்லாம் இல்லை. பரிசோதனைக்கு, ஒரு சிரிஞ்சு அளவு. எங்கள் எம்.எஸ்ஸி. விலங்கியல் வகுப்பு கப்பலேறி அந்தமான் போகிறது. மறுநாள் ரிப்போர்ட் தராதவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். காரைக்கால் ஆஸ்பத்திரியிலோ பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுக்க மாட்டார்கள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தபோது ஒன்பதே முக்கால். கால் மணி நேரம் தாராளம்! என் வாயைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

பிலோமினா சிஸ்டர் என் மேல்கையில் ரப்பர் குழாயைக் கட்டி, முழங்கை மடிப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சிஸ்டர், இதோ பச்சையாத் தெரியுதே, இதுல குத்துங்க! தவளையில நான் எத்தனை பாத்திருக்கேன்!"

"கண்ணுக்குத் தெரியறது ஊசி பட்டா நழுவிடும்மா. விரலுக்குத் தட்டுப்படுறதுதான் நிக்கும்."

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். சிரிஞ்சைக் கையில் பிடித்தபடி, "காயட்டும்" என்றார்.

நேரமாகிறதே! உதவலாமே என்று 'உஃப்' என ஊதினேன்.

"ஊதாதீங்க!" இரண்டாவது பஞ்சு.

"ஏன்? காத்துதானே?"

"வாயிலேர்ந்து வர்ற காத்து."

"அப்ப என் வாய் அசுத்தமா? இந்த இடத்துல என்ன ஒட்டிச்சு, காட்டுங்க!" என்று அதே இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

மூன்றாவது பஞ்சு.

"நீங்களும்தான் தொட்டீங்க!"

"நான் தொட்டது துடைக்கறதுக்கு முன்னாடி."

நியாயமான பதில். அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. "கிருமியப் பத்தி நானும் படிச்சவதான் சிஸ்டர்! ஸ்டாஃபிலோ..."

அந்தப் பெயரில் ஒரு 'ஃபி' இருக்கிறது பாருங்கள், அதில் எச்சில் தெறித்துவிட்டது. நேராக அங்கேயே!

நாலாவது பஞ்சு.

வரிசையில் எனக்கு அடுத்து கோட்டுச்சேரி அண்ணன் ஒருவர். "ஏம்மா, சிஸ்டர் ரத்தம் எடுக்கறாங்களா, உன் கைக்கு வெள்ளையடிக்கறாங்களா?"

காத்திருந்த பெஞ்சே சிரித்தது. மணி பத்தாக ஐந்து நிமிஷம். சிஸ்டர் ரப்பர் குழாயை அவிழ்த்தார். "ரொம்ப நேரம் கட்டி வைக்கக் கூடாது. காயறதுக்கு அரை நிமிஷம். அரை நிமிஷம் பேசாம இருப்பீங்களா?"

அந்தமான்! உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்போது பார்த்தா அந்த அண்ணன், "பொம்பளப் புள்ளைய எம்.எஸ்ஸி. படிக்க வெச்சா இப்படித்தான்" என்பார்?

பதினோரு பதில்கள் என் தொண்டையில் நின்றன. அவரை முறைத்துக்கொண்டிருந்ததில், மறுபடி கட்டியதும் தெரியவில்லை, குத்தியதும் தெரியவில்லை. ஒரே குத்து. ரத்தம் எடுத்தாகிவிட்டது!

"பஞ்ச அழுத்திப் புடிங்க. கைய நீட்டியே வைங்க, மடக்கா..."

நான் அதற்குள் எழுந்துவிட்டேன். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, பதினொன்றில் முதல் பதிலை ஆரம்பித்தேன். பஞ்சு எங்கே விழுந்ததோ. ஏழாவது பதிலில் அந்த அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலிக்குப் போய்விட்டார். மீதி நாலையும் பெஞ்சிடம் சொன்னேன்.

ரிப்போர்ட் வந்தது. பட்டியலில் என் பெயர் நின்றது.

ரத்தம் எடுத்த அன்று சாயங்காலமே முழங்கை மடிப்பைப் பார்த்தேன். அழுத்திப் பிடிக்காததில் ரத்தம் கட்டி, கன்னங்கரு நீலம், அதில் நீளவாக்கில் திட்டுத் திட்டாக நாலைந்து தீவு.

கப்பலேறுவதற்கு முன்பே அந்தமான் வந்து சேர்ந்துவிட்டது.