சமத்துக்கு ஓர் ஆந்தை

மனிதர்களை வழிக்குக் கொண்டுவரச் சிலர் மிரட்டுவார்கள். சிலர் கெஞ்சுவார்கள். சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். இவை எதுவும் தெரியாத நான்காவது இனம் ஒன்று உண்டு. அந்த இனத்துக்குக் காரியம் ஆக வேண்டுமானால் கை நேராகப் பைக்குள் போகும். வெளியே வரும்போது விரல்களுக்கிடையில் சின்னதாக, பளபளப்பாக, யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாத ஏதோ ஒன்று இருக்கும். இவர்களைச் 'சமத்து வியாபாரிகள்' என்று அழைக்கலாம். பார்த்தால் அடையாளம் தெரியாது. பக்கத்தில் நடந்து வரும்போது பை கலகலவென்று சத்தம் போடும், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த சமத்து வியாபாரி ஓர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பிறவியிலேயே அவர் இப்படி இல்லை. வேலைக்கு வந்த புதிதில் எல்லாரையும்போலக் கத்தித்தான் பார்த்தார். வகுப்பு சந்தைக்கடையாகவே இருந்தது. இவர் ஒன்று சொன்னால் அவர்கள் பத்து சொல்வார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தொண்டையில் குரல் இருக்காது, வெறும் காற்றுதான் வரும். அடுத்த வகுப்பு ஆசிரியைக்கு ஒரு பார்வை இருந்தது. அவர் வாசலில் நின்று கண்ணை லேசாக விரித்தால் போதும், மேஜை நாற்காலிகூட மூச்சை அடக்கிக்கொள்ளும். நம் டீச்சருக்கு அப்படிப்பட்ட கண்கள் வாய்க்கவில்லை. அவர் கண்ணை விரித்தால், "டீச்சர், கண்ணுல தூசியா?" என்று பிள்ளைகள் பரிவோடு விசாரித்தார்கள்.

ஒருநாள் நோட்டுப் புத்தகம் வாங்கப் போன கடையில் அந்த ரப்பர்களைப் பார்த்தார். பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர்தான், ஆனால் யானையாகவும் ஆமையாகவும் அணிலாகவும் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு டப்பாவிலும் ஆந்தை மட்டும் ஒன்றே ஒன்று. மறுநாள் காலியான ஜாம் பாட்டில் ஒன்று நிறைய அந்த மிருகங்களோடு டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தார். பாட்டிலை மேஜைமேல் வைத்தார். ஒரு தடவை குலுக்கினார்.

"சமத்தா இருக்கறவங்களுக்கு ஒண்ணு."

அடுத்த நிமிஷம் அந்த அறையில் மின்விசிறி சுற்றுவது கேட்டது. பள்ளிக்கூடம் கட்டின நாளிலிருந்து அந்த மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. தலைமை ஆசிரியர் பதறிப்போய் ஓடி வந்தார். மூன்றாம் வகுப்பு மொத்தமாக எங்கேயோ ஓடிவிட்டது என்று நினைத்தாராம். வந்து பார்த்தால் அத்தனை பேரும் வாய்மேல் விரல் வைத்துக்கொண்டு சிலைபோல உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமையே 'அமைதிக் கோப்பை' அடுத்த வகுப்பிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. வாரத்தில் எந்த வகுப்பு அமைதியாக இருந்ததோ அதற்குத் தலைமை ஆசிரியர் கொடுக்கும் சுழற்கோப்பை அது. நம் டீச்சர் அதைத் தினமும் கைக்குட்டையால் துடைத்து வைத்தார். இடைவேளையில் இன்னொரு தடவையும் துடைத்தார்.

இதுவரைக்கும் வெற்றிக் கதை. ஆனால் வியாபாரம் என்று வந்துவிட்டால் எதிர்ப்பக்கமும் சும்மா இருக்குமா?

"டீச்சர், எனக்குக் கொட்டாவி வந்துச்சு. விடல."

"டீச்சர், இவன் என்னைக் கிள்ளினான். நான் திருப்பிக் கிள்ளல."

கொட்டாவியை அடக்கியதற்கு ஓர் ஆமை. கிள்ளாததற்கு ஓர் அணில். விஷயம் தெரிந்ததும் கடைசி பெஞ்சில் இரண்டு பேர் கூட்டு சேர்ந்தார்கள். ஒருவன் கிள்ளுவான், மற்றவன் பெருந்தன்மையாக மன்னிப்பான், வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மறுநாள் முறை மாறும். இடைவேளையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஆமையைக் கொடுத்து யானை வாங்குவதும், யானையைச் சேர்த்து ஆந்தை வாங்குவதுமாகப் பெரிய பேரமே நடந்தது. அந்த ரப்பரை அழிப்பதற்கு மட்டும் யாரும் உபயோகிக்கவில்லை. கணக்கு தப்பாகப் போனால், பெட்டி நிறைய ரப்பரை வைத்துக்கொண்டு, எச்சில் தொட்டு விரலால் அழித்தார்கள்.

இந்த இனம் வேலையை வேலை செய்கிற இடத்தோடு விட்டுவிட்டு வருவதில்லை. டீச்சரின் கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஒருநாள் அவர் சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆமை.

"இது என்னது?"

"வந்ததும் செருப்பை வரிசையா வச்சீங்களே, அதுக்கு."

"நான் கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தான் வைக்கிறேன்."

"அதான் சொல்றேன். சமத்து."

மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஆமையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து செருப்பை வரிசையாக வைத்துவிட்டு, உள்ளே கேட்கிற மாதிரி இரண்டு தடவை கனைக்க ஆரம்பித்தார்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ரேடியோ குறுக்கே வந்தாள்.

ரேடியோ என்பது வகுப்பில் ஒரு சிறுமிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலில் காக்கா உட்கார்ந்தால் அது எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது, இனி எங்கே போகும் என்பதை அறிவிக்காமல் அவளால் இருக்க முடியாது. அவள் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு 'ரகசியம்' என்று பெயர். அவள் யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமானால் ரேடியோவின் காதில் சொல்வாள். ரேடியோ அதை ஊருக்குச் சொல்வாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாய், அதுவும் மூடாத வாய்.

பாட்டில் வந்த பிறகும் கொஞ்ச காலம் ரேடியோவுக்கு ஓர் ஆமைகூடக் கிடைக்கவில்லை. பிறகு திடீரென்று ஒருநாள் வாயை மூடினாள். மூடினவள் திறக்கவே இல்லை. ஆமையாக வந்தது, யானையாக வந்தது, ஆந்தையும் வந்தது. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. "ரேடியோவையே அணைச்சாச்சு" என்று ஆசிரியர் அறையில் நாலு பேர் கேட்கச் சொன்னார். ரேடியோவின் அம்மா ஒருநாள் பள்ளி வாசலில் காத்திருந்தார்.

"டீச்சர், பொண்ணு வீட்டுலகூட பேச மாட்டேங்கறா. கேட்டா, இங்க பேசினா அங்கயும் பேச்சு வந்துடும்னு சொல்றா."

"நல்ல பழக்கம்தானே அம்மா. சமத்தாயிட்டா."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டே போனார். அது சம்மதம் மாதிரி தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, முதல் மணி அடித்ததும், ரேடியோ எழுந்து டீச்சர் மேஜைக்கு வந்தாள். ஜாமெட்ரி பெட்டியைத் திறந்து அப்படியே கவிழ்த்தாள். ஆமையும் அணிலும் யானையும் ஆந்தையும் மேஜை முழுக்க உருண்டன.

"டீச்சர், எல்லாத்தையும் எடுத்துக்கங்க."

"ஏம்மா, பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. இன்னிக்கு மட்டும் பேசிக்கறேன். கடைசி மணி அடிக்கிற வரைக்கும்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "பேசாம இருக்கத்தானே இதைக் குடுத்தேன்?"

"ஆமா டீச்சர். பேசாம இருந்ததை எல்லாம் சேத்து வச்சிருக்கேன். இப்ப எடுத்துக்கறேன்."

டீச்சர் சிரிப்பதை நிறுத்தினார்.

"இன்னிக்கு என்ன அப்படி விசேஷம்?"

ரேடியோ திரும்பித் தன் பெஞ்சைப் பார்த்தாள். அங்கே ரகசியம் தலையைக் குனிந்துகொண்டு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஊசிபோல இருந்த பென்சில்.

"அவ நாளைக்குப் போறா டீச்சர். அவங்க அப்பாவுக்கு வேற ஊர்ல வேலை. இனிமே வர மாட்டா."

டீச்சருக்கு இது தெரியாத விஷயம் அல்ல. மாற்றல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். ஆனால் வேறொன்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ரகசியம் பேசுவது ரேடியோவின் காதில் மட்டும். ரேடியோவிடமிருந்து பதில் வராதபோது அந்தப் பிள்ளை இத்தனை நாளும் யாரிடம் பேசியிருக்கும்?

"சாப்பாட்டு மணியில பேசிக்கலாமே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கோப்பைக்காகத் தலைமை ஆசிரியர் சுற்றி வரும் நாள் அது.

"அதுக்குள்ள முடியாது டீச்சர். நிறைய இருக்கு."

நம் வியாபாரிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக விலை சொல்லத் தெரியவில்லை. ரப்பர்களைக் கூட்டிச் சேர்த்து, பெட்டிக்குள் போட்டு, அவளிடமே நீட்டினார்.

"வச்சுக்க. போய்ப் பேசு."

ரேடியோ நகரவில்லை. இந்த வகுப்பில் படித்த பிள்ளை அல்லவா?

"சும்மாவா டீச்சர்?"

"சும்மாதான்."

"அப்புறமா வந்து ஏதாவது கேக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

ரேடியோ போய் உட்கார்ந்ததுதான் தாமதம், மேஜைக்கு முன்னால் வரிசை நின்றுவிட்டது. ஆளுக்கொரு பெட்டி.

"டீச்சர், ரெண்டு ஆந்தை இருக்கு. எனக்கு வாய்ப்பாடு வேணாம்."

"டீச்சர், இந்த யானைக்கு ஒரே ஒரு கிள்ளு. சின்னக் கிள்ளுதான்."

"நான் ஒரு வாரம் லீவு எடுத்துக்கறேன் டீச்சர், மிச்சம் இருந்தா குடுங்க."

டீச்சர் வரிசையைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், ஜாம் பாட்டிலின் மூடியை எடுத்து இறுக்கித் திருகினார்.

"யாரும் எதுவும் தர வேணாம். இன்னிக்கு எல்லாரும் பேசுங்க."

சந்தைக்கடை திரும்ப வந்தது. வட்டியும் முதலுமாக வந்தது. பேசிப் பேசி மாளவில்லை அந்தப் பிள்ளைகளுக்கு. ரேடியோ எப்போதோ வந்துபோன காக்காவில் ஆரம்பித்து, விட்டுப்போன செய்தியை எல்லாம் ஒன்றுவிடாமல் ஒலிபரப்பினாள். திடீரென்று அந்த இரைச்சலுக்கு நடுவே, எண்ணெய் போடாத கதவு திறப்பதுபோல ஒரு சத்தம். ரகசியம் சிரிக்கிறாள். அவளுக்கு இவ்வளவு கட்டைச் சிரிப்பு என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

தலைமை ஆசிரியர் வந்து வாசலில் நின்றார். காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று யோசிக்கிற முகம்.

"என்ன டீச்சர் இது? உங்க முறையைப் பத்தி மத்த டீச்சருங்ககிட்ட உங்களைப் பேசச் சொல்லலாம்னு இருந்தேன்."

"கோப்பையை எடுத்துட்டுப் போங்க சார்."

"ஒரு தடவை 'உஷ்' சொல்லிப் பாருங்களேன். நான் வேணா அடுத்த வகுப்பைப் பார்த்துட்டு வரேன்."

அவர் அவ்வளவு தூரம் இறங்கி வந்தும் டீச்சர் 'உஷ்' சொல்லவில்லை. கோப்பை போய்விட்டது. அது இருந்த இடத்தைச் சும்மா ஒரு தடவை கைக்குட்டையால் துடைத்தார். பழக்கதோஷம். இத்தனை நாளும் ஒரு தகரக் கோப்பைக்காகத் தானும் வாய்மேல் விரல் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோமோ என்று ஒரு கேள்வி வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி மணிக்குமுன் ரகசியம் தன் புது வீட்டு விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினாள். எழுத்துப் பிழையோடு எழுதினாள். ரேடியோ தன் பெட்டியிலிருந்து ஆந்தையை எடுத்து, கொஞ்சமும் யோசிக்காமல், தேய்த்து அழித்துக் கொடுத்தாள். ஆந்தைக்கு மூக்கு போய்விட்டது. விலாசம் சரியாக வந்தது.

டீச்சர் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். இந்த இனம் திருந்துமா? பாட்டில் அலமாரிக்குள் போனது உண்மை. ஆனால் அடுத்த வாரமே மணிக்கட்டில் நட்சத்திர முத்திரை குத்துகிற மைப்பெட்டியோடு வந்துவிட்டார். ஒரே வித்தியாசம், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் யார் வேண்டுமானாலும் பேசலாம், அதற்கு எதுவும் கிடையாது. ரேடியோ ஒரு புதிய காதைத் தேடிப் பிடித்துவிட்டாள். கோப்பை அந்த வகுப்புப் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டில் கணவர் சில நாள் கனைத்துப் பார்த்தார், தட்டுக்குப் பக்கத்தில் ஒன்றையும் காணோம். இப்போது செருப்பை ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கேயாகக் கழற்றிப் போடுகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, இன்று காலை உங்கள் வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வயதான அப்பா மாத்திரை வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொள்ள, "போட்டுக்கிட்டாத்தான் டீ" என்று டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? அவரும் போட்டுக்கொண்டார். டீயை வாங்கி நிதானமாகக் குடித்தார். குடித்துவிட்டு உங்கள் தலையைத் தடவி, "நல்ல பிள்ளை" என்றார். உங்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாளைக்கு அவர் கேட்பதற்கு முன்னாலேயே, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக, டீ தயாராக இருக்கும். யார் யாரைப் பழக்குகிறார்கள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.