எதுக்கும் இன்னொரு சுத்து

சிவகாசியில் கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு பேச்சு கிளம்பியது. அட்டை வியாபாரி அப்துல் ஹலீம் பாய், சொந்த மருமகனின் புல்லட்டுக்கு வாங்கிய புது பெட்ரோல் டேங்குக்குள் தண்ணீரை ஊற்றிவிட்டார் என்பது செய்தி. கண்ணால் பார்த்த சாட்சியும் இருந்தது. காரணத்தை ஊரே சேர்ந்து தயாரித்துக் கொடுத்தது: கல்யாணத்தில் ஏதோ மனத்தாங்கல், வலீமா விருந்தில் மாப்பிள்ளை வீட்டார் கறியை ஒளித்த விவகாரம், இப்படி.

விசாரித்துப் பார்த்தோம். தண்ணீர் ஊற்றியது சத்தியமான உண்மை. பகை என்பது மட்டும் பொய். ஹலீம் பாயைப் பிடித்திருப்பது பகையைவிடப் பொல்லாதது. அதன் பெயர் முன்ஜாக்கிரதை.

'எதுக்கும்' மனிதரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, வாசகரே. ஆறு மணி ரயிலுக்கு நாலு மணிக்கே பிளாட்பாரத்தில் நிற்பவர், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்ததில் திறந்திருக்குமோ என்று மறுபடி இழுத்துப் பார்ப்பவர், சித்திரை மாதம் குடையோடு கிளம்பி, வெயிலுக்கா என்று கேட்டால் "இல்ல, மழைக்கு. எதுக்கும் இருக்கட்டும்" என்பவர், பந்தியில் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய், இடம் கிடைத்துவிட்ட துக்கத்தில் பிரியாணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர். நல்லவர். மிக நல்லவர். அதுதான் தொந்தரவே.

ஹலீம் பாய் இந்த வகையில் முதல் தரம். நாரணாபுரம், விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டை லோடு கொண்டுபோகிறவர். அங்கே கேட்டிலேயே செல்போனைக் கொடுத்துவிட வேண்டும். ரூமுக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட வேண்டும். அங்கே அது உயிர் காக்கும் விதி. பாய் அந்த விதியை வீட்டுக்கும் கூட்டிவந்துவிட்டார். அவர் வீட்டு அடுப்படி வாசலில் ஒரு செப்புத் தகடு அடித்திருக்கிறது. அவர் மனைவி சாலிஹா அதன் மேல் கரித்துணியைக் காயப்போடுவது வேறு கதை.

இனி டேங்குக்கு வருவோம்.

மருமகன் தவுபிக்குக்குக் கோயம்புத்தூரில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் மாமனாரிடம் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. இது ஹலீமுக்கு வெளியே பெருமை, உள்ளே குறை. ஏதாவது கேட்டால்தானே ஒட்டுதல்? அப்படிப்பட்ட தவுபிக் ஒருநாள் தன் புல்லட்டை மாமனார் வீட்டில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியையும் வைத்தான். உள்ளே பாலிஷ் போட்ட அலுமினிய டேங்கு. முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம், அப்படியொரு பளபளப்பு. ஆசை ஆசையாகச் சொல்லிச் செய்து வாங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து அதை மாட்டி, மனைவி சுமைராவைப் பின்னால் உட்காரவைத்துக் குற்றாலச் சாரலுக்குப் போவது திட்டம்.

"பத்திரமா வச்சிருங்க மாமா. நான் வந்து மாட்டிக்கிடுதேன்" என்றான்.

முதல் முறையாக மருமகன் ஒன்றைக் கேட்டுவிட்டான். பத்திரமா! அந்த வார்த்தையை ஹலீம் பாயிடமா சொல்வது?

இரண்டு நாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாட்டும்போது ஓட்டை பொருந்தாவிட்டால்? மாட்டியபின் ஒழுகினால்? குற்றாலப் பயணம் கெட்டுப்போனால் பிள்ளை முகம் வாடுமே? எதுக்கும் ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டால் என்ன? உடம்பில் மின்சாரம் ஏற்றாத பருத்தி வேட்டி கட்டினார். செப்புத் தகட்டைத் தொட்டார். வீட்டு மெயினை அணைத்தார். உள்ளே கிரைண்டர் பாதி மாவோடு நின்றது, சாலிஹா வாயில் வந்ததைப் பாதியோடு நிறுத்தினார். பழைய டேங்கை இறக்கி, புதியதை ஏற்றி, போல்ட் மாட்டுவதற்காகப் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் காதில் ரப்பரை வைத்து, போல்ட்டைக் கொடுத்து, ஸ்பேனரைப் பிடித்துத் திருகினார்.

போல்ட் இறுகியது. இறுகிய இடத்தில் நிறுத்துகிறவர்கள் வேறு வகை.

"போதும்ங்க" என்றார் சாலிஹா.

"ராஜபாளையம் ரோடு குண்டும் குழியுமா கெடக்கு. பிள்ள பின்னால உக்காருது. எதுக்கும் இன்னொரு சுத்து."

இன்னொரு சுத்து சுற்றினார். அப்புறம், அந்தச் சுத்துக்கு எதுக்கும் இருக்கட்டும் என்று ஒரு அரைச் சுத்து. 'டிக்' என்று ஒரு சத்தம். விரலைச் சொடுக்கினால் வருமே, அம்புட்டுத்தான். இரும்பாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்கும். அலுமினியத்துக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. பெட்ரோலை ஊற்றிப் பார்த்தபோது, காது டேங்கோடு சேரும் இடத்தில் ஒரு சொட்டு உருண்டு திரண்டு, பாயின் முகத்தையே தலைகீழாகக் காட்டிக்கொண்டு விழுந்தது.

ஒழுகும் டேங்குக்குத் துணி சோப்பு என்பது நம் பக்கத்துக் கைவைத்தியம். தேய்த்தார். நின்றுவிட்டது. நின்றதோடு விட்டிருக்கலாமல்லவா? சோப்புக்கு மேலே எதுக்கும் இருக்கட்டும் என்று எம்சீலைப் பிசைந்து அப்பினார். கண்ணாடி மாதிரி இருந்த டேங்கின் பின்புறத்தில் குளவிக்கூடு கட்டினதுபோல் ஆனது.

"மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க" என்றார் சாலிஹா. பத்திரமா வச்சிருங்க என்று கேட்ட பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? வெல்டு வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பாய் புகழேந்தியின் பட்டறைக்குப் போனார்.

புகழேந்தி ஆர்கன் வெல்டிங்கில் கைகாரர். வேலையைவிட வேலை கொண்டுவருகிறவரை உரிப்பதில் இன்னும் கைகாரர்.

"இதுல யாரு பாய் பல்லு விளக்குனது?"

"ஒழுகுச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு..."

"எதுக்கு இருக்கணும்? வெல்டு வைக்கது ஒரு நிமிசம். ஒங்க எதுக்குமைச் சுரண்டத்தான் எனக்கு ஒரு பொழுது வேணும்."

சுரண்டிக் கொடுத்துவிட்டு, கழுவித் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார். பெட்ரோலைக் கொட்டினாலும் ஆவி உள்ளேயே நிற்கும். தண்ணீர் நிறைந்தால்தான் அது வெளியேறும். இல்லாமல் நெருப்பைக் காட்டினால் டேங்கே வெடி. சிவகாசிக்காரருக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டுமா? பாய் மூன்று முறை கழுவினார். பட்டறையில் தண்ணீர் இல்லாமல் போய்விட்டால் என்று வீட்டிலிருந்தே விளிம்பு வரை நிரப்பி, மொபெட்டின் கால் வைக்கும் இடத்தில் வைத்து, தெருவெல்லாம் வாசல் தெளித்துக்கொண்டே போனார். வெல்டு பிடித்தது. புகழேந்தி அதைத் தேய்த்துப் பாலிஷும் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சோதித்து, கசியவில்லை என்று காட்டிக் கொடுத்தார்.

பாய் வீட்டுக்கு வந்து எதுக்கும் இன்னொரு தடவை நிரப்பிச் சோதித்தார். கசியவில்லை. கவிழ்த்து மொட்டைமாடியில் காயவைத்தார். அலுமினியம் வெயிலைப் பிடித்து எதிர்வீட்டு நாகையாவின் டிவி மேல் அடித்தது. படம் தெரியாத கோபத்தில் படியேறி வந்த நாகையா, பெட்ரோல் டேங்கிலிருந்து தண்ணீர் வடிவதைப் பார்த்தார். என்ன பாய் இது என்றதற்கு, தண்ணி என்றார் பாய். எதுக்கு என்றதற்கு, எதுக்கும் இருக்கட்டும்னுதான் என்றார். டேங்கு காய்வதற்குள் செய்தி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து தவுபிக் டேங்கை மாட்டினான். போல்ட் இறுகியதும் நிறுத்தினான். இன்னொரு சுத்துக்குத் துடித்த கையை ஹலீம் முதுகுக்குப் பின்னால் மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். சுமைரா ஹெல்மெட்டோடு நின்றாள். தவுபிக்கின் விரல் அந்தக் காதின் மேல் போய் நின்றது.

"மாமா, இங்கன ஒரு வெல்டு தெரியுதே?"

ஆயுள் முழுக்க எல்லாவற்றுக்கும் தயாராக இருந்த மனிதர் இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. போகிற வழியில் வெல்டு விட்டுப்போனால்? சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால்? உட்காரப்போவது அவர் பெற்ற பிள்ளை. குடை, பூட்டு, செப்புத் தகடு எதுவும் இங்கே செல்லாது. செய்ய வேண்டிய முன்ஜாக்கிரதை ஒரே ஒரு வாக்கியம்: என் கையால ஒடைஞ்சுபோச்சு மாப்பிள்ள.

பாய் வாயைத் திறந்தார்.

"அது... எதுக்கும் இருக்கட்டும்னு நாந்தான் ஒரு வெல்டு கூடுதலாப் போட்டு வச்சேன் மாப்பிள்ள."

சுமைரா சட்டென்று ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். தவுபிக் ஸ்பேனரைத் துடைத்து மாமனார் கையில் கொடுத்தான். "நல்லதாப் போச்சு மாமா" என்றான். வண்டி கிளம்பியது.

ஹலீம் பாய்க்கு இன்றுவரை தெரியாதது ஒன்று உண்டு. 'டிக்' என்ற சத்தம் கேட்ட அன்றே சாலிஹா மகளுக்குப் போன் போட்டார். மகள் புருஷனிடம் சொன்னாள். வேலை முடிந்தபின் புருஷன் புகழேந்தியைப் போனில் கூப்பிட்டு, வெல்டு தாங்குமா, ஆள் ஏற்றிப் போகலாமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். செய்ய வேண்டிய ஜாக்கிரதையை மற்ற மூன்று பேரும் சத்தமில்லாமல் செய்து முடித்திருந்தார்கள். வெல்டைப் பற்றிய கேள்வி, மாமனார் நுழைவதற்காகத் திறந்துவைத்த கதவு. பாய் அதையும் இறுக்கிச் சாத்திவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே உங்கள் சாவிக்கொத்தை எடுத்து, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல் வருஷக்கணக்காகத் தொங்கும் அந்தச் சாவியையும் ஒருமுறை பாருங்கள். தூக்கிப் போடுவீர்களா? மாட்டீர்கள். ஏன் என்று நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். அதோடு, வீட்டில் யாரிடமோ சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை மட்டும் எந்த ஜாக்கிரதையும் இல்லாமல் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறீர்களே, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தவுபிக் இப்போது மாதம் ஒருமுறை வருகிறான். வந்ததும் வண்டியைத் துடைக்கிறான். அந்தக் காதருகே மட்டும் துணி கொஞ்சம் மெதுவாகப் போகிறது. பக்கத்தில் நிற்கும் ஹலீம் பாய் வாயைத் திறக்கிறார்.

"சாப்பிட்டீகளா மாப்பிள்ள?"

"சாப்பிட்டேன் மாமா" என்கிறான். துணியை உதறிவிட்டு, துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கிறான். சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியம் பாக்கி அப்படியே நிற்கிறது.