நீச்சல் குளத்தில் இறங்கிய ரஷ்யச் செயற்கைக்கோள்

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைத்தான் நான் உரக்கச் சொல்வேன். ஒருமுறை அதை ரஷ்யா வரை கேட்கும்படி சொன்னேன்.

அமெரிக்காவில் காப்பெல் என்ற ஊருக்குக் குடிவந்த புதிதில் எனக்கு ரேடியோப் பைத்தியம் பிடித்திருந்தது. ரஷ்யா ஒரே ராக்கெட்டில் பல குட்டிச் செயற்கைக்கோள்களை ஏவும். ரேடாருக்கு அவை வெறும் புள்ளிகள். ஏ, பி, சி என்று எழுத்து போட்டுவிடுவார்கள். எந்தப் புள்ளி யாருடையது என்று சிக்னலைக் கேட்டுச் சொல்ல, என்னைப் போன்றவர்கள் (வேலைவெட்டி உள்ளவர்கள்தான், சத்தியமாக!) குழுவாக இருந்தோம்.

அந்த முறை, ரஷ்யக் கல்லூரி மாணவர்கள் செய்த ஒன்றின் குரல் மட்டும் மூன்று நாளாக யாருக்கும் கேட்கவில்லை. ஞாயிறு காலை, 'எஃப்' என்ற புள்ளி எங்கள் தலைக்கு மேல் கடக்கும் நேரம், என் லேப்டாப் 'பீப்... பீப்' என்றது.

"கண்டுபிடித்துவிட்டேன், எஃப்தான் அது!" என்று எல்லோருக்கும் எழுதினேன். அரை மணியில் அந்த மாணவர்களின் பதில்: "நாங்கள் எல்லோரும் அழுகிறோம். நன்றி."

நான் மகிழ்ச்சியில் மிதந்துகொண்டிருந்தபோது பத்து வயது மகள் நிலா கேட்டாள்: "அம்மா, இட்ஸ் கான், ரைட்? தென் வொய் இஸ் இட் ஸ்டில் பீப்பிங்?"

எஃப் எங்கள் வானத்தைக் கடக்கப் பத்து நிமிடம் போதும்; அது போய் அரை மணி ஆகியும் பீப் நிற்கவில்லை. ஆண்டெனாவைக் கையில் பிடித்து, சத்தம் வலுத்த பக்கமே நடந்தேன். அது பக்கத்து வீட்டு வேலியில் கொண்டுபோய் நிறுத்தியது. ஈரோட்டுக்காரரான சண்முகம் அங்கிள் நீச்சல் குளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாத்து.

"என்ன அம்மிணி, கையில மீன்முள்ளாட்ட?"

"அங்கிள், அந்த வாத்து என்னது?"

"தெர்மாமீட்டரு. தண்ணி எவ்ளோ சூடுன்னு வீட்டுக்குள்ளயே காட்டும், வயர்லெஸ்ல. நேத்துதான் வாங்கினேன்."

"அத கொஞ்சம் தண்ணிக்குள்ள அமுக்குங்களேன்."

அமுக்கினார். பீப் நின்றது. விட்டார். பீப்.

அழுதுகொண்டிருந்த பிள்ளைகளுக்கு, "மன்னிக்கவும், அது வாத்து" என்று எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

மாலையில் 'எச்' கடக்கும்போது மறுபடி உட்கார்ந்தேன். அங்கிள் வாத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தோளில் ஈரத்துண்டோடு வந்துவிட்டார். (குற்றவுணர்ச்சி.)

மெல்லிய குரல் ஒன்று வந்தது. ஹாரன் அடித்தபடி கடந்துபோகும் ரயிலைப் போல அதன் சுருதி மெல்ல மெல்ல இறங்கியது. நின்ற இடத்தில் மிதக்கும் எதற்கும் அப்படி இறங்காது. டிபன் டப்பா அளவுள்ள ஒன்று, வானத்தின் குறுக்கே, தன்னந்தனியாகத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே போனது. எனக்குப் புல்லரித்தது. நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தன உசரத்துல இருந்து நம்மகிட்டயா பேசுது?" என்றார் அங்கிள், கிசுகிசுப்பாக.

இம்முறை ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்பினேன். "எங்களுடையதேதான்" என்று பதில் வந்தது.

ஆனால் அங்கிளுக்கு அந்தப் பாதிக் கதை போதும். இன்றும் பொங்கல் விருந்துக்குப் புதிதாக யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார்:

"ரஷ்யாக்காரன் சேட்டிலைட்ட என் ஸ்விம்மிங் பூல்ல இறக்கினது இந்த அம்மிணிதானுங்க!"