மகிழ்வனத்துக்குள் தங்குவதில்லை

என்ன நேர்ந்தாலும் சரி, மகிழ்வனத்துக்குள் ஓர் இரவுகூடத் தங்குவதில்லை என்று பூவராகவன் முடிவெடுத்தபோது, கும்மிடிப்பூண்டியில் கிளம்பிய மின்சார ரயில் கவரப்பேட்டையைத் தாண்டியிருந்தது. பொன்னேரியில் அவர் இறங்குவதற்குள் அந்த முடிவு இறுகி இரும்பாகிவிட்டது. இரும்பாலையில் வேலை செய்கிறவர் அல்லவா?

மகிழ்வனம் என்பது ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் புதிதாகத் திறந்திருந்த கேளிக்கைப் பூங்கா. காலாண்டுத் தேர்வு விடுமுறையில் மகள் பூமிகாவை அங்கே இரண்டு நாள் அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்தவர் பூவராகவனேதான். அவரை யாரும் வற்புறுத்தவில்லை. கொடுக்கும்போது அங்கே வாத்துகளும், மிதிபடகும், ஐஸ்கிரீமும் இருக்கும் என்று எண்ணியிருந்தார். பிறகு விளம்பரத் தாள் ஒன்று வீட்டுக்கு வந்தது. அதில் ராட்சத ராட்டினத்தின் படம் இருந்தது. உச்சியில் தொங்கிய மனிதர்கள் கடுகளவு தெரிந்தார்கள். அன்று முதல் அவருக்குத் தூக்கம் போயிற்று.

காரணத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பூவராகவன் ஆலையில் கிரேன் ஓட்டுநராக இருந்தவர். கூரையை ஒட்டிய சிறு கூண்டில் அமர்ந்து, கீழே பழுத்த இரும்பைத் தூக்கி வைக்கும் வேலை. "எங்க நைனா வானத்துல வேல செய்றாரு" என்று பூமிகா பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லி வைத்திருந்தாள். ஆனால், ஒருநாள் ஏணியின் பாதியில் அவருக்கு உலகம் சுழன்றது. கண்களை மூடிக்கொண்டு கம்பியைக் கட்டிப்பிடித்தவரை இரண்டு பேர் ஏறிப் பிரித்தெடுத்து, சிமெண்டு மூட்டையைப் போல இறக்கினார்கள். ஆலை மருத்துவர் அவரை வாசலருகே உள்ள எடைமேடைக்கு மாற்றிவிட்டார். லாரி வந்தால் எடை பார்க்க வேண்டும். போனால் எடை பார்க்க வேண்டும். சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லை. குறைந்தது எதுவோ, அதை வீட்டில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சொல்லாத ஒன்றைக் காப்பாற்றுவதற்குத் தினமும் உழைக்க வேண்டியிருந்தது. மாலையில் கிளம்புமுன் பழுதுபார்க்கும் கொட்டகைக்குப் போவார். டப்பாவிலிருந்து இரண்டு விரலால் கிரீஸைத் தொட்டுச் சட்டைக் காலரில் இழுத்துக்கொள்வார். கிரேனிலிருந்து இறங்கி வந்தவர் போல ஆகிவிடுவார்.

"இன்னாங்க, உங்க கிரேனு ரொம்ப ஒழுங்குங்க" என்றாள் ஒருமுறை அவர் மனைவி அஞ்சம்மாள், சட்டைக்குச் சோப்புப் போட்டபடி. "தெனமும் அதே எடத்துல, ரெண்டு வெரலு அகலத்துக்குக் கறை போடுது."

"அது புது மாடலு."

"ஆங். அதான் பாத்தேன்."

இப்படிப்பட்டவர் மகிழ்வனத்தில் எங்கே தங்குவது என்பது வெறும் வாடகைப் பிரச்சினை அல்ல. பூங்காவுக்குள் இருக்கும் குடில்களில் தங்குகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. காலையில் பொதுமக்கள் வருமுன் ஒரு மணி நேரம் எல்லா ராட்டினங்களும் அவர்களுக்காகவே சுற்றும். வரிசை கிடையாது, ஏறவேண்டியதுதான். வெளியே தங்கினாலோ, பேருந்து பிடித்து, ஆட்டோ பிடித்து, உச்சி வெயிலில் போய்ச் சேரலாம். அதற்குள் ராட்சத ராட்டினத்துக்கு வரிசை வாசல் வரை வந்திருக்கும். "அடடா, இம்மாங்கூட்டமா? போவட்டும், வாத்தப் பாக்கலாம் வாம்மா" என்று மகளைத் திருப்பிவிடலாம். உலகத்தில் வரிசையை நம்பி வாழ்ந்த ஒரே மனிதர் பூவராகவனாகத்தான் இருக்கும்.

அச்சத்தை அச்சமாகச் சொல்ல முடியாதவர்கள் அதைக் கணக்காகச் சொல்வார்கள். அவரும் அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்படித்தான் தொடங்கினார்.

"உள்ள காட்டேஜு ரெண்டாயிரத்து இருநூறாம், அஞ்சம்மா! ஒரே ஒரு ராத்திரிக்கு. பூந்தமல்லியில லாட்ஜு நானூறுதான். கட்டிலுக்கு அங்கியும் நாலு காலுதான், இங்கியும் நாலு காலுதான்."

"காட்டேஜு எடுத்தா மூணு பேருக்கும் ரெண்டு நாளு டிக்கெட்டு அதுலயே சேத்திங்க. காலையில நாஷ்டாவும் அவனே குடுக்கறான். வெளிய தங்குனா ஆளுக்கு முந்நூறு, ரெண்டு நாளைக்கு ஆயிரத்து எட்நூறு. லாட்ஜு நானூறு. கூட்டிக்கோங்க."

பூவராகவன் கூட்டினார். அதே ரெண்டாயிரத்து இருநூறு வந்தது. எரிச்சலாக இருந்தது.

"இனிமேதான் ஆட்டோ, நாஷ்டா எல்லாம்" என்றாள் அஞ்சம்மாள்.

"ஒரு நாளு போனா போதாதா?"

"ரெண்டு நாளுன்னு பாப்பாகிட்ட சொன்னது யாரு? நானா?"

"சரி, அத்த உடு. உள்ள ஒரே கொசுவாம்."

"உள்ள இருக்கற கொசு கேட்டத் தாண்டி வெளிய வராதா? அதுக்கு டிக்கெட்டு வேணுமா?"

"ராத்திரி முச்சூடும் பாட்டு போடுவான். தூங்க முடியாது."

"ரோலிங் மில்லுல இத்தினி வருசம் வேல செஞ்ச ஆளுக்குப் பாட்டு சத்தமா கேக்குமா?"

"எல்லாத்துக்கும் ஒரு பதிலு வெச்சுக்கினு இருந்தா நான் இன்னா பேசறது? ஊட்டுல ஒரு ஆம்பள சொன்னா..."

"சரிங்க" என்றாள் அஞ்சம்மாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வெளியவே தங்கிக்கலாம்."

குடும்பம் நடத்திய அனுபவம் சிறிதேனும் உள்ளவர் எவரும் இந்த இடத்தில் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து யோசித்திருப்பார். பூவராகவன் இன்னும் இரண்டு தோசை கேட்டார்.

மறுநாள் மாலை அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் அஞ்சம்மாள் சிரித்த முகத்தோடு வந்து நின்றாள்.

"நீங்க சொன்னதையே யோசிச்சுக்கினு இருந்தேங்க. வெளிய தங்கறதுன்னு ஆச்சு, லாட்ஜுக்கு எதுக்கு நானூறு? மணவாள நகர்ல எங்க அண்ணன் ஊடு இல்ல? வாடகையே கெடையாது. போன் போட்டுச் சொல்லிட்டேன்."

மணவாள நகரில் இருந்த அந்த அண்ணன் மோகன்ராஜ், வாடகைக்கு சுமோ ஓட்டுகிறவர். அவர் சிரித்தால் நான்கு தெருவுக்குக் கேட்கும். எதைப் பார்த்துச் சிரித்தாரோ அதை அடுத்த பத்து ஆண்டுகள் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லிச் சிரிப்பார். போதாக்குறைக்கு, படம் எடுக்கும் செல்போன் ஒன்று புதிதாக வாங்கியிருந்தார்.

"எதுக்கு அவருக்குத் தொந்தரவு..." என்று இழுத்தார் பூவராகவன்.

"தொந்தரவா? குதிக்குது எங்க அண்ணன். விடியக்காலையில சுமோவுல கொண்டாந்து உட்டுடுமாம். கேட்டு தொறக்கறதுக்கு முன்னாடியே மொத ஆளா நிக்கலாமாம். 'மாப்ள கூட நானும் ராட்டினத்துல ஏறப்போறேன், மாப்ள கைய உட்டுக்கினு உக்காந்துக்கினு இருக்கறத போட்டோ புடிச்சு ஊருக்கே காட்டப்போறேன்'னு சொல்லுச்சு."

"மாமாகிட்ட நானும் சொன்னேன் நைனா!" என்று உள்ளேயிருந்து ஓடி வந்தாள் பூமிகா. "எங்க நைனா கண்ணக்கூட மூட மாட்டாரு, டெய்லி கிரேன்ல போறவருன்னு. சரிதான நைனா?"

"ச... சரிதான்" என்றார் நைனா.

தாம் போட்ட கணக்கே தம் கழுத்தைப் பிடித்திருப்பதை அவர் உணர்ந்தார். குறைந்த செலவு என்றுதானே வாதாடினார்? சுழியத்தைவிடக் குறைந்த வாடகை பூமியில் எங்கும் இல்லை. கண்ணை மூடினால் ராட்டினத்தின் உச்சி தெரிந்தது. அதில் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி தாம் தெரிந்தார். பக்கத்துப் பெட்டியில் செல்போனோடு மைத்துனர் தெரிந்தார். கீழே, அண்ணாந்து பார்த்த மகளின் முகம் மெல்ல மாறுவதும் தெரிந்தது. மற்றவற்றையாவது தாங்கிக்கொள்ளலாம். அந்த முகத்தை அவரால் தாங்க முடியாது.

அடுத்த நாள் எடைமேடையில், ஒரு லாரி ஏறி நின்று ஹாரன் அடித்த பிறகும் அவர் நிமிரவில்லை. மூன்றாவது ஹாரனில் ஒளி பிறந்தது.

வெளியே தங்கினால் மைத்துனர். உள்ளே தங்கினால் மைத்துனர் இல்லை! மனைவியும் மகளும் மட்டுமே. அது மட்டுமா? ராட்டினத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் குடில் இருக்கும். ஏறப்போகும் நேரம் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். குடிலில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். வயிற்றுவலிக்காரரை யாரும் கோழை என்று சொல்வதில்லை. சீரகத் தண்ணீர்தான் கொடுப்பார்கள்.

திட்டத்தை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. எடைமேடை அறைக்குப் பின்புறம் போய் ஒத்திகை மட்டும் பார்த்தார். முகத்தைச் சுளித்து, இடுப்பை வளைத்து, "அம்மாடி" என்று முனகினார். எடைச் சீட்டுக்காகத் தேடி வந்த லாரி ஓட்டுநர் பதறிப்போனார்.

"அண்ணே, இன்னா ஆச்சு? சோடா வாங்கியாரட்டா?"

சோடா வந்தது. பூவராகவன் நிறைவோடு குடித்தார்.

அன்று மாலை கணக்கு தலைகீழாகப் புரண்டது.

"அஞ்சம்மா, நம்ம கணக்குல ஒரு தப்பு நடந்துபோச்சு."

"நம்ம கணக்குலயா, உங்க கணக்குலயா?"

"யாரு கணக்கோ! உங்க அண்ணன் ஊட்டுக்கு வெறுங்கையோட போக முடியுமா? பழம் வாங்கணும். சுவீட்டு வாங்கணும். பசங்களுக்குத் துணி எடுக்கணும். சுமோவுக்கு டீசலு போடணும்."

"எங்க அண்ணன் நம்மகிட்ட டீசலுக்கு டப்பு வாங்குமா?"

"வாங்க மாட்டாரு. அதான் பேஜாரு! வாங்கிக்கினா அதோட போச்சு. வாங்கலன்னா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாரு. காட்டேஜே எடுத்துடலாம்."

"உள்ள கொசுன்னீங்களே?"

"வல அடிச்சிருப்பான்."

"பாட்டு?"

"மில்லு சத்தத்துலயே குந்திக்கினு இருந்தவன் நானு. பாட்டு என்ன இன்னா பண்ணும்?"

"வேணாங்க. ரெண்டாயிரத்து இருநூறுங்க! எங்க அண்ணன் வேற ஆசையா இருக்குது. கோச்சுக்கும்."

எதிர்ப்பு வந்ததும் பூவராகவனுக்கு வீரம் வந்துவிட்டது. ஒரு கணவர் தம் வீட்டில் குரலை உயர்த்திப் பேசும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. கிடைத்ததை அவர் வீணாக்கவில்லை.

"எம் பொண்ணுக்கு நான் செலவு பண்றேன். எவன் கோச்சுக்கினா எனக்கு இன்னா? காட்டேஜுன்னா காட்டேஜுதான். ஆலையில பண்டிகை முன்பணம் வாங்கியாச்சும் கட்டுவேன். இந்த ஊட்டுல இனி இதப்பத்திப் பேச்சே கூடாது!"

"சரிங்க, சரிங்க. கத்தாதீங்க. உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அஞ்சம்மாள் கிரைண்டர் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் லேசாகக் குலுங்கின. அழுகிறாள் போலும் என்று பூவராகவனுக்கு இரக்கமாக இருந்தது. ஆயினும் தலைவன் என்பவன் சில நேரங்களில் கண்டிப்பாக இருக்கத்தான் வேண்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

அந்த ஆண்டு மின்வெட்டுக்காக ஆலைகளுக்கு வாரம் ஒருநாள் கட்டாய விடுமுறை விட்டிருந்தார்கள். வியாழக்கிழமை அவருடைய ஆலைக்கு முறை வந்தது. முன்பணத்தைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஏறாமல் வழக்கம்போல ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு, பொன்னேரிக் கடைத்தெருவில் உள்ள டிராவல்ஸ் அலுவலகத்தை அடைந்தார். மகிழ்வனத்துக்கு அங்கேதான் முன்பதிவு. மேசைக்குப் பின்னால் சாலமோன் என்பவர் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மகிழ்வனத்துல காட்டேஜு ஒண்ணு வேணும்" என்றார் பூவராகவன், மேசையில் கையூன்றி. "வெளிய லாட்ஜெல்லாம் வேணாம். உள்ளதான் வேணும்."

"பேரு சார்?"

"பூவராகவன்."

சாலமோன் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அஞ்சம்மா மேடம் ஊட்டுக்காரரா? உக்காருங்க சார். உங்க காட்டேஜு போன வாரமே புக்காயிடுச்சே!"

போன வாரம் என்றால், கொசுவுக்கும் முன்னால், மைத்துனருக்கும் முன்னால், அவர் ரயிலில் முடிவெடுப்பதற்கும் முன்னால்.

"மேடம் வந்து இருநூறு ரூபா கட்டிட்டுப் போனாங்க" என்றார் சாலமோன். "மிச்சம் ரெண்டாயிரத்த இந்த வியாழக்கெழம கரண்டு லீவுல நீங்களே கொண்டாந்து கட்டுவீங்கன்னு சொன்னாங்க. நீங்களும் கரெக்டா வந்துட்டீங்க."

பூவராகவனின் கை பொத்தானைத் தானாகவே கழற்றியது. பணம் மேசைக்கு மாறியது. சாலமோன் எண்ணி வைத்துவிட்டு ரசீது எழுதத் தொடங்கினார்.

"மாடி ரூமு குடுக்கறேன், அங்கேர்ந்து பாத்தா எல்லாம் தெரியும்னு சொன்னேன் சார். அதெல்லாம் வேணாம், கீழ் ரூமுதான் வேணும்னு பிடிவாதமா கேட்டு வாங்கினாங்க. எடைமேட வேலக்காரருக்கு மாடி ஒத்துக்காதுன்னாங்க. பாப்பா கூட வந்திருந்துச்சு. அத வெளிய நிக்க வெச்சுட்டுத்தான் இத்த சொன்னாங்க."

பூவராகவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். தரையிலேயே இருந்தும் தலை சுற்றியது.

"அப்பறம் அந்தப் பெரிய ராட்டினத்துக்குத் தனிச் சீட்டு சார்" என்றபடி சாலமோன் ரசீதைக் கிழித்து நீட்டினார். "மூணு போடட்டுமான்னு கேட்டேன். ரெண்டு போதும், எங்க ஊட்டுக்காரருக்கு அன்னிக்குன்னு பாத்து வயித்துவலி வரும்னு சொன்னாங்க."