பாட்டுக்கு அடியில் ஒரு ‘ம்ம்ம்’

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நான் சுகம். உங்கள் அத்தையும் சுகம்தான். என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறாள். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும், உங்கள் வீட்டு மின்சாரமாவது சுத்தமாக இருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய இணையப் பாட்டுப் பெட்டியும் ஸ்பீக்கர்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அதில் என் மகளின் முதல் பாட்டைத் தவிர வேறெதையும் நான் போட்டதில்லை, போடவும் மாட்டேன். ஆனால் அவள் மூச்சு விடும் இடத்திலெல்லாம் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். மின்கம்பி வழியாக இரைச்சல் ஏறுகிறது, மலிவு சார்ஜர்களைக் கழற்றுங்கள் என்று போனில் சொன்னீர்கள். கழற்றினேன். எல்.இ.டி. பல்புகளும் கரண்டைக் கெடுக்குமாமே என்று அவற்றையும் கழற்றினேன். அன்று இருட்டில் உங்கள் அத்தை உப்புப் போட்டுக் கொடுத்த காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். ரவுட்டரும் பெட்டியும் ஒரே பிளக்கில் இருக்கக் கூடாதென்று, ரவுட்டரைக் குளியலறைப் பக்கம் துரத்தி பேட்டரியில் ஓடவிட்டேன். வயருக்கு வயர் காந்த வளையம் மாட்டினேன். எர்த் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், வயருக்கெல்லாம் மோதிரம் போட்டிருக்கிறீர்களே, கல்யாணம் எப்போது என்றார். எர்த் நன்றாக இருக்கிறதாம், கோளாறு வேறெங்கோ. எங்கே என்று கேட்டால் என் தலையையே பார்க்கிறார்.

கடைசியில் பிரிட்ஜ். பாட்டு முடியும்வரை அணைத்து வைப்பதாகத்தான் ஏற்பாடு. கேட்டபடியே கண்ணசந்துவிட்டேன். பால் திரிந்தது, மீன் நாறியது, உறுமல் மட்டும் அப்படியே இருந்தது. உங்கள் அத்தை கடைசியாகப் பேசியது அன்றுதான்: “பொண்ணு பாட்டைக் கேளுங்கன்னா, பாட்டுக்கு அடியில இருக்கிறதையே கேட்டுக்கிட்டிருக்கீங்க.”

என் கஷ்டம் யாருக்குப் புரிகிறது? இருந்த வேலையை விட்டுவிட்டுப் பாடிய பாட்டு. எப்படிப்பா இருக்கு, எப்படிப்பா இருக்கு என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சுத்தமாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நானும் தள்ளிப்போடுகிறேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே நீங்கள் சொன்ன கண்ணாடி இழைக் கேபிளையும், கரண்டை வடிகட்டும் அந்தக் கனத்த பெட்டியையும் உடனே அனுப்பவும்.

இருவருக்கும் என் ஆசிகள். அத்தையின் ஆசியைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பல்பு இல்லாத மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தை பேசிவிட்டாள். நான் கடைக்குப் போயிருந்தபோது பெட்டியில் வேறு பாட்டுகள் போட்டுப் பார்த்தாளாம். எதிலும் உறுமல் இல்லை. “அது நம்ம கரண்ட்ல இல்லீங்க, அவ பாட்டுக்குள்ளயே இருக்கு. நம்ம பழைய பிரிட்ஜ் சத்தம் உங்களுக்குத் தெரியலையா?” என்றாள். நீங்கள் தனிக்குடித்தனம் போகும்போது நாங்கள் ஏற்றி அனுப்பிய அதே பிரிட்ஜ்! அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் என் மகள் சின்ன வயதில் பாடிப் பழகினாள். இப்போதும் அதன் பக்கத்தில்தான் பதிவு செய்திருக்கிறாள். இருவருமாக மறுபடி போட்டுக் கேட்டோம். அந்த ‘ம்ம்ம்’மிலிருந்து அவள் சுருதி இம்மியும் விலகவில்லை. கேபிளும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். பாட்டு எப்படி என்று சொல்ல இன்றே நான் அவளுக்குப் போன் செய்கிறேன். அழாமல் சொல்லி முடிக்க வேண்டும். நீங்கள் அவளிடம் இதைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அந்தப் பிரிட்ஜை மட்டும் மாற்றிவிடாதீர்கள், சுருதி போய்விடும்.