பூசணம் பூத்த லென்ஸ்

"பதினேழுல எது நல்லதோ அத ஒண்ண மட்டும் வெச்சுக்குங்க. மீதியெல்லாம் ஆடிப் பண்டிகைக்கு முன்னால இந்த ஊட்ட விட்டுப் போயிரோணும். சொல்லிப்போட்டேன்" என்றாள் கமலவேணி.

சண்முகவேல் வாயில் போட்ட இட்லியை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

இளம்பிள்ளையில் தறி ஓட்டிப் பட்டுச்சேலை விற்கிற மனுஷருக்கு வேறு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. வெற்றிலைகூடப் போடமாட்டார். ஆனால் ஃபிலிம் கேமராவில் படம் எடுத்து, மாடி பாத்ரூம் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு தன் கையாலேயே பிரிண்ட் போடுவார். அதற்கு என்லார்ஜர் என்று ஒரு மெஷின். அதன் மூக்கில் திருகி மாட்ட ஒரு லென்ஸ். நெகட்டிவில் இருக்கும் குட்டிப் படத்தைப் பெரிதாக்கித் தாளில் இறக்குவது அந்த லென்ஸின் வேலை. மற்றவர்களுக்கு ஒன்று போதும். இவரிடம் பதினேழு இருந்தன. தார்ப்பெட்டியில் நூலோடு நூலாகச் சில, கோதுமை மாவு டப்பாவில் சில, கமலவேணியின் பீரோவில் அவளுடைய பட்டுச்சேலை மடிப்புக்குள்ளேயே இரண்டு.

அந்த இரண்டும் நேற்று அவள் கையில் சிக்கிவிட்டன. அதனால்தான் இன்றைக்கு இந்தத் தீர்ப்பு.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் இருக்குது கமலா. ஜெர்மனிக்காரன் நேர்மையானவன். ஜப்பான்காரன் சுறுசுறுப்பு. ரஷ்யாக்காரன் முரடன், ஆனா மனசு தங்கம்..."

"பதினேழு ஆம்பளைங்கள எங்கூட்டுல குடி வெச்சிருக்கறீங்கன்னு சொல்லுங்க."

"அப்படியில்ல சாமி..."

"போன பண்டிகைக்கு வந்த சனமெல்லாம் ஒரே பாத்ரூமுக்கு வரிசையில நின்னுது. மாடி பாத்ரூமும் எனக்கு வேணும்."

பாத்ரூமும் போகிறது, பதினாறு லென்ஸும் போகிறது. ஆனாலும் சண்முகவேலுக்கு ஒரு நப்பாசை. முறையாகச் சோதித்துக் காட்டினால், பதினேழும் அவசியம் என்று அவளே ஒத்துக்கொள்ளலாம் அல்லவா?

ஒரே நெகட்டிவைப் பதினேழு லென்ஸிலும் பிரிண்ட் போடுவது என்று முடிவு செய்தார். நெகட்டிவும் தயாராக இருந்தது. புது டிசைன் சேலை தறியிலிருந்து இறங்கிய அன்று, தறிக்கூடத்துச் சுவர் ஓரமாகக் கமலவேணியை நிறுத்தி எடுத்த படம். மாதிரிச் சேலை ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு ஓமலூரிலிருந்து மைத்துனி ஷாலினியும் வந்திருந்தாள். அக்காளும் தங்கையும் நான் நீ என்று அந்தச் சேலைக்கு அடித்துக்கொண்டு, மாறி மாறிக் கட்டி, ஆளுக்கொரு படமும் எடுத்துக்கொண்டு ஒரு வழியாக ஓய்ந்தார்கள்.

மறுநாள் காலையில் சோதனை தொடங்கியது. சண்முகவேல் பரம்பரைத் தறிக்காரர். துணியில் இழை எண்ணுகிற சின்னக் கண்ணாடி ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். பிரிண்ட் ஒவ்வொன்றும் தண்ணீரிலிருந்து வெளியே வந்ததும் அந்தக் கண்ணாடியைச் சேலை பார்டரின் மேல் வைத்துக் குனிந்துகொள்வார். சரிகை இழை தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல லென்ஸ். ஒட்டிக்கொண்டு தெரிந்தால் சுமார் லென்ஸ். படத்தில் அதற்கு மேல் பார்க்க வேண்டியது எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

பதினாறு முடிந்து பதினேழாவதை மாட்டும்போது கரண்ட் போய்விட்டது. சும்மா இருப்பானேன் என்று இருட்டிலேயே, நாலைந்து படம் வரிசையாக இருந்த ஃபிலிம் துண்டை உருவி, தூசி தட்டி, கரண்ட் வந்ததும் திரும்பச் செருகினார்.

அந்தப் பதினேழாவது லென்ஸ் கணக்கிலேயே சேராதது. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்திருக்கும் வெங்கடாசலம், இதே பைத்தியம் பிடித்த சிநேகிதர், வேறொரு லென்ஸோடு இலவசமாகத் தள்ளிவிட்டது. உள்ளே முழுக்கப் பூசணம் பூத்து, கண்ணில் புரை விழுந்த மாதிரி இருந்தது. அதில் வந்த பிரிண்ட்டில் சரிகை இழை எல்லாம் ஒரே கஞ்சி. சண்முகவேல் முகம் சுளித்து அதையும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்.

கமலவேணி மாடிக்கு வந்தாள். முதல் படத்தைப் பார்த்தாள்.

"இதென்னங்க, கண்ணுக்குக் கீழ பாவு ஓட்டி வெச்ச மாதிரி கோடு கோடா?"

"அதான் கமலா ஜெர்மன்காரன்!" சண்முகவேலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இந்தக் கண்ணாடிய வெச்சுப் பாரு. ஒரு சுருக்கம் விடாம எண்ணிப்போடலாம்!"

கமலவேணி எண்ணவில்லை. அடுத்த படத்துக்குப் போனாள். அதற்கடுத்ததற்குப் போனாள். பதினாறு படத்திலும் அவளுடைய நாற்பத்தாறு வயதும், கன்னத்து மச்சமும் ஒளிவு மறைவில்லாமல் நின்றன. அவள் முகம் இருண்டுகொண்டே வந்தது. அன்றைக்கு மத்தியானச் சோறு கிடைக்குமா என்றே சண்முகவேலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பதினேழாவது படத்தின் முன்னால் அவள் நின்றாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். திரும்ப மாட்டிக்கொள்ளாமலேயே படத்தைக் கையில் எடுத்துத் தள்ளிப் பிடித்தாள்.

"ஏனுங்க..." குரல் குழைந்தது. "இது நானுங்களா?"

"நீதான். பூசணத்துல எடுத்தது. தூக்கிப் போட்டுரலாம்."

"தொட்டுப்பாருங்க, தெரியும் சேதி!"

மென்மையான வெளிச்சத்தில் சேலை பளபளக்க, முகத்தில் ஒரு கோடு இல்லாமல், மச்சம்கூட மறைந்துபோய், பத்து வயது குறைந்து சிரித்துக்கொண்டிருந்தது அந்தப் படம். அன்று சாயங்காலமே ஃபிரேம் போட்டு, ஹாலில் நடுச் சுவரில் மாட்டியாயிற்று. பக்கத்து வீட்டு அங்காளம்மாள் வந்து அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தாள்.

"அம்மிணி, கண்ணாலத்தன்னைக்கு இருந்தாப்புலயே இருக்கறயே! மச்சத்தக்கூடக் காணமே!"

"அது லென்ஸோட வேலைங்கக்கா" என்றாள் கமலவேணி வெட்கத்தோடு.

சண்முகவேல் விளக்கம் சொன்னார். பூசணத்தில் வெளிச்சம் பட்டுச் சிதறும்போது சின்னப் புள்ளிகள் கரைந்துவிடும், விஞ்ஞானம் அப்படி. இரண்டு பெண்களும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

இரவு சாப்பாட்டில் தீர்ப்பு வந்தது. "அந்தப் பூசண லென்ஸு மட்டும் இருக்கட்டும். மத்த பதினாறையும் குடுத்துப்போடுங்க."

சண்முகவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்ததில், மிஞ்சப்போவது இனாமாக வந்த குருட்டு லென்ஸா? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஒன்றுதான் மிஞ்சும் என்றால், அந்த ஒன்றாவது உருப்படியாக இருக்கட்டும். மறுநாள் லென்ஸைப் பிரித்து, மருந்து போட்டு, பூசணத்தைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டார். கண்ணாடி பளிங்காக மின்னியது.

அன்றைக்கே கமலவேணி கேட்டாள், "எங்கம்மா ஊட்டுக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தார். கண்ணுக்குக் கீழே கோடு. கன்னத்தில் மச்சம்.

"என்ன பண்ணுனீங்க?"

"கொஞ்சம்... தொடச்சேன்."

கமலவேணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கட்டிலில் போய் உட்கார்ந்தாள். "ரெண்டு நாளு அழகா இருந்துட்டுப் போகட்டும்னு உங்களுக்குத் தோணலீங்களா?" என்றாள்.

சண்முகவேல் துடித்துப்போனார். இருபத்தைந்து வருஷத்தில் அவளை இப்படிப் பார்த்ததில்லை. பிளேடு முனையளவு சரிகை இழைக்காகப் பெண்டாட்டி மனசைக் கிழித்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். எப்பாடுபட்டாவது அந்தப் பத்து வயதைத் திரும்பக் கொண்டுவருவது என்று சபதம் செய்தார்.

லென்ஸில் வாசலின் தடவினார். கமலவேணி கஞ்சித் தொட்டியில் விழுந்த மாதிரி வந்தாள். கொசுவலைத் துணியைக் கட்டிப் பார்த்தார். ஜெயிலுக்குள் நிற்கிற மாதிரி வந்தாள். லென்ஸை ஈரத்துணியில் சுற்றி, பூசணம் திரும்ப வரட்டும் என்று தண்ணீர்க் குடத்தடியில் வைத்தார். எறும்புதான் வந்தது. கடைசியில் வெங்கடாசலத்துக்குப் போன் போட்டார்.

"உங்கிட்ட இருக்கறதுலயே மோசமான லென்ஸெல்லாம் அனுப்பு மாப்ள."

"மோசமானதா? நல்லதுக்குத்தான சண்ட போடுவ?"

"காலம் மாறிப்போச்சு. பூசணம் எத்தன இருக்குதோ அத்தன நல்லது."

"ஒரு பாயிண்ட்டுல தண்ணி வரலீன்னா அடுத்த பாயிண்ட்டுல போட்டுப் பாக்கோணும், அவ்வளவுதான. வர்ற பஸ்ஸுலயே போட்டுடறேன்" என்றார் ரிக் லாரிக்காரர்.

பார்சல் பார்சலாகப் பூசணம் வந்து இறங்கியது. தனியாகத் தீர்மானிக்க சண்முகவேலுக்குப் பயம். கமலவேணியையே மாடி பாத்ரூமுக்குக் கூப்பிட்டு, ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்.

சிவப்பு வெளிச்சத்தில், வெறும் வெள்ளைத் தாள் மருந்துத் தண்ணீருக்குள் மெல்ல மெல்ல முகமாக மாறுவதை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். "அடேங்கப்பா!" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிடித்த தோளை விடவே இல்லை. அடுத்த நாள் அவளே முந்திக்கொண்டு மாடியேறினாள். நாலு நாள் போவதற்குள் பேச்சே மாறிவிட்டது.

"இது மூலையில மங்குதுங்க."

"ஆமாங் கமலா."

"இதுல கறுப்பு நல்லா இறங்குது. ஆனா மொகம் வரல. ஜப்பான்காரன்ல ஒரு பூசணம் கெடைக்குமான்னு வெங்கடாசலண்ணங்கிட்டக் கேளுங்க."

சண்முகவேல் தன் காதையே நம்பவில்லை. வயது குறையவில்லைதான். மச்சமும் போகவில்லைதான். ஆனால் பெண்டாட்டியே லென்ஸ் கேட்கிறாளே! மாவு டப்பா, தார்ப்பெட்டி எல்லாவற்றிலிருந்தும் லென்ஸுகள் வெளியே வந்து, கமலவேணியே துடைத்த கண்ணாடி அலமாரியில் ஜம்மென்று உட்கார்ந்தன. இருபத்தாறு!

"ஒண்ணுகூட இந்த ஊட்ட விட்டு வெளிய போகக்கூடாது" என்றாள் அவள். "அந்த மொதப் படத்து மாதிரி வர்ற வரைக்கும் உடக்கூடாதுங்க."

"பண்டிகைக்கு வர்றவங்களுக்கு பாத்ரூமு?"

"வரிசையில நிக்கட்டும்."

அந்தக் கணம் சண்முகவேல் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மனசுக்குள் பூசணத்துக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆடிப் பண்டிகையன்று வீடு கொள்ளாத சனம். வந்தவர்களையெல்லாம் கமலவேணி ஹால் படத்தின் முன்னால்தான் முதலில் நிறுத்தினாள். அங்காளம்மாள் மச்சம் மறைந்த கதையைச் சொன்னாள். சண்முகவேல் விஞ்ஞானம் சொன்னார். எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள்.

"பஸ்ஸு எறங்கிட்டேனுங்கக்கா, வாரேன்" என்று போனில் சொன்ன ஷாலினி, சற்று நேரத்தில் பையோடு உள்ளே வந்தாள்.

"வா சாமி வா. மொதல்ல இதப் பாரு" என்று கமலவேணி தங்கையைத் தோளைப் பிடித்துத் திருப்பி, படத்துக்கு நேர் கீழே நிறுத்தினாள்.

ஷாலினி அண்ணாந்து பார்த்தாள். கூடியிருந்த சனம் படத்தைப் பார்த்தது, ஷாலினியைப் பார்த்தது, திரும்பப் படத்தைப் பார்த்தது. சண்முகவேல் பழக்க தோஷத்தில் சட்டைப் பைக்குள் இழை எண்ணும் கண்ணாடியைத் தேடினார்.

ஷாலினிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க மாமா, எங்கக்கா ஊட்டு நடுச்சுவத்துல என்னோட போட்டோவ எதுக்குங்க மாட்டி வெச்சிருக்கறீங்க?"